சிறுகுடலின் காவல் செல்களும் சென்னையின் கழிவுநீரும்

தி. நகரிலோ அடையாறிலோ ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தால் குடல் நலத்துக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். புரோபயாடிக் பொடி, மாத்திரை, சின்ன பாட்டிலில் புளித்த பால் என்று வகைவகையாக அடுக்கியிருப்பார்கள். எல்லா அட்டைகளும் சொல்வது ஒன்றுதான்: உங்கள் குடலைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சிறுகுடலின் உட்சுவரைக் காப்பதற்கென்றே உடலில் தனி செல்கள் இருக்கின்றன. அவை எப்போது திடமாக இருக்கின்றன, எப்போது தளர்ந்துபோகின்றன என்று அறுபது எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் கணிசமானவை தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்தவை. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்தச் செல்களின் நலம் தனி மனிதர் விலைகொடுத்து வாங்கும் பொருள் அல்ல, ஊர் சேர்ந்து கட்டிக்காக்க வேண்டிய ஒன்று என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு எதிரான சான்றுகளும் உண்டு. அவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஒரே அடுக்குச் சுவர்

சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அதன் உட்புறமெங்கும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. உணவுப்பாதையின் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 2014இல் மறுபடி அளந்து பார்த்தவர்கள், முழு உணவுப்பாதையையும் சேர்த்தாலே 30 சதுர மீட்டரை ஒட்டித்தான் வரும் என்றார்கள். அதுவே தோலின் பரப்பைப் போலப் பல மடங்கு. ஆனால் தோலுக்கு இருக்கும் தடிப்பு இதற்கு இல்லை. ஒரே ஒரு செல் அடுக்குதான் ஒருபுறம் உணவையும் கிருமிகளையும், மறுபுறம் இரத்தத்தையும் பிரிக்கிறது. தடித்தால் சத்து உள்ளே போகாது. மெலிந்தால் கிருமி உள்ளே வந்துவிடும். இந்த இக்கட்டை உடல் இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை சுவரையே புதுப்பித்துக்கொள்கிறது என்பது ஒன்று. உறிஞ்சும் செல்களுக்கு இடையே காவலுக்கென்றே சில செல்களை நிறுத்தியிருக்கிறது என்பது இரண்டாவது. கோப்பை செல்கள் கோழையைச் சுரந்து சுவரின்மேல் பூசுகின்றன. எம் செல்கள் குடலிலுள்ள கிருமிகளை மாதிரி எடுத்து, கீழே காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிடம் சேர்க்கின்றன. குடலுறிஞ்சிகளுக்கு இடையிலுள்ள குழிகளின் அடியில் பானெத் செல்கள் இருக்கின்றன.

பானெத் செல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வழக்கமான சாயம் ஏற்றிய திசுத்துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், குழியின் அடிமட்டத்தில் கூம்பு வடிவச் செல்கள் கொத்தாகத் தெரியும். அவற்றின் உட்கரு அடிப்பக்கம் ஒதுங்கியிருக்கும். மேல்பாதி முழுவதும் பளிச்சென்ற இளஞ்சிவப்புத் துகள்கள் நிறைந்திருக்கும். 1872இல் ஸ்வால்பே என்பவர் இவற்றைக் குறிப்பிட்டார். 1888இல் வியன்னாவின் யோசப் பானெத் விரிவாக விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது. அந்தத் துகள்களுக்குள் இருப்பவை கிருமிக்கொல்லிகள். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த லைசோசைம் அவற்றில் ஒன்று. டிஃபென்சின் என்னும் சிறு புரதங்கள் இன்னொரு வகை. மனிதரின் பானெத் செல்களில் அவற்றில் இரண்டு வகை இருக்கின்றன: ஐந்தாம் டிஃபென்சின் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்கிறது, ஆறாம் டிஃபென்சின் நுண்ணிய வலையாகப் பின்னி அவற்றைச் சிக்கவைக்கிறது. அக்கம்பக்கச் செல்கள் சில நாளில் உதிர்ந்துபோக, பானெத் செல்கள் வாரக்கணக்கில் அதே குழியில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில்தான் சுவரைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2007இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு அந்தக் குருத்தணுக்களை இனங்கண்டது. பானெத் செல்களே அவற்றுக்கு வளர்ச்சிச் சமிக்ஞைகளை ஊட்டுகின்றன என்று 2011இல் அதே குழு சொன்னது. ஆக, காவலும் கட்டுமானமும் ஒரே குழியில் சேர்ந்திருக்கின்றன.

இங்கே எச்சரிக்கையும் தேவை. மனித டிஃபென்சினைச் சுரக்கும்படி மாற்றிய எலிகள், வாய்வழியே கொடுத்த சால்மோனெல்லாவைத் தாங்கிக்கொண்டன என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது. அதை வைத்துப் பானெத் செல்லே எல்லாம் என்று முடிவுகட்டிவிட முடியாது. பானெத் செல்களை முற்றாக நீக்கிய எலிகளிலும் குருத்தணுக்கள் பிழைத்திருந்ததாக 2012இல் ஆய்வுகள் வந்தன. சமிக்ஞையைப் பக்கத்துத் திசுக்களும் தருகின்றன. ஒரு காவல் தளர்ந்தால் இன்னொன்று ஈடுகட்டும்படிதான் குடல் அமைந்திருக்கிறது. அதனால் ஒருநாள் வயிற்றுப்போக்கு குடலைக் கெடுத்துவிடாது. பல காவல்களும் ஒன்றாகவும் ஓயாமலும் தாக்கப்படும்போதுதான் சேதம் நிலைக்கிறது. இனி வரும் வாதத்துக்கு இந்தப் புள்ளிதான் அச்சாணி.

வேலூர் சொன்னது

அப்படி ஓயாத தாக்குதல் நடக்கும் இடம் எது என்பதற்கான விடை 1950களிலிருந்தே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கிடைக்கத் தொடங்கியது. செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அங்கே ஸ்ப்ரூ என்ற நோயை ஆராய்ந்தார்கள். சத்து உறிஞ்சப்படாமல் ஆளை உருக்கிவிடும் நெடுநாள் வயிற்றுப்போக்கு அது. 1960களின் தொடக்கத்தில் வடஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோயாகவே பரவியது. அந்த ஆய்வின் போக்கில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. நோயே இல்லாத ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் குடலிலும் குடலுறிஞ்சிகள் விரல்போல நீண்டிருக்கவில்லை. இலைபோலத் தட்டையாகவும் வரப்புபோலத் தடித்தும் இருந்தன. சத்தை உறிஞ்சும் திறனும் பலரிடம் குறைந்திருந்தது. இது நம் மரபின் இயல்போ என்று கேட்பது நியாயம். 1969இல் வெளியான வேலூர் பிணக்கூறாய்வு அதற்குப் பதில் சொன்னது. பிறக்காத சிசுக்களின் குடலில் குடலுறிஞ்சிகள் விரல்போலவே இருந்தன. பிறந்த பிறகுதான் வடிவம் மாறியிருக்கிறது. 1975இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஸ்ப்ரூ நோயாளிகளின் குழிகளுக்குள்ளிருந்த செல்களிலும் சிதைவு தெரிந்தது.

இதற்கு மறுபக்கச் சான்று கடல்தாண்டிப் போனவர்களிடமிருந்து கிடைத்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டுசெய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடல், சில மாதங்களிலேயே உள்ளூர்க்காரர்களின் குடலைப் போல மாறியதை ஜான் லிண்டன்பாம் குழு 1966இல் வெளியிட்டது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 1971இல் நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் ஆராய்ந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களின் குடல் அமைப்பும் உறிஞ்சும் திறனும் சீராகியிருந்தன. இங்கே ஆளும் மரபும் மாறவில்லை, ஊர்தான் மாறியது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், குடலின் நிலை ஊரின் நிலையைப் பின்தொடர்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்துவதில்லை. இந்தக் குடல் மாற்றத்தைச் சூழல்சார் குடல்நலிவு என்று இன்று மருத்துவ உலகம் அழைக்கிறது. மலக் கிருமிகள் கலந்த சூழலில் இடைவிடாமல் வாழ்வதே முதன்மைக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

அந்த நலிவில் காவல் செல்களின் பங்கு பிறகே தெளிந்தது. ஜாம்பியாவில் தொற்றாலும் ஊட்டக்குறைவாலும் வாடியவர்களின் பானெத் செல்களில் துகள்கள் காலியாகிக் கிடந்ததைப் பால் கெல்லி குழு 2004இல் பதிவுசெய்தது. டாக்காவின் மிர்பூர் குடிசைப்பகுதியில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து மாதிரி எடுத்த ஆய்வு 2020இல் வந்தது. சில குறிப்பிட்ட பாக்டீரியா வகைகள் எந்த அளவு மிகுந்திருந்தனவோ அந்த அளவு குழந்தையின் உயரம் குறைந்திருந்தது. அந்த பாக்டீரியாக்களைக் கிருமியில்லா எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் குடலும் நலிந்தது. துத்தநாகத்தின் கதையும் இங்கே சேர்கிறது. பானெத் செல்லின் துகள்களில் துத்தநாகம் செறிந்திருக்கிறது. எலிகளில் அந்தச் சேமிப்பு குலைந்தால் துகள்களும் குலைகின்றன. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலுடன் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுக்கச் சொல்லும் நடைமுறை வேறு சான்றுகளின் அடிப்படையில் வந்தது. ஆனாலும் அந்த மாத்திரை ஏன் பலிக்கிறது என்பதற்கு இந்தச் செல்கள் ஒரு பகுதி விடையாக இருக்கலாம்.

வாசல்வழி வருபவை

கிருமிகள் காவலை மீறுவது மட்டுமல்ல, காவல் செல்லையே வாசலாக்கிக்கொள்வதும் உண்டு. மாதிரி எடுக்கத் திறந்திருக்கும் எம் செல் வழியாகத்தான் டைஃபாய்டு கிருமியும் சீதபேதிக் கிருமியும் நுழையப் பார்க்கின்றன. டைஃபாய்டு இந்தியாவில் ஓயவில்லை என்பதை 2023இல் வெளியான நாடளாவிய கண்காணிப்பு ஆய்வு காட்டியது. வேலூர் உள்ளிட்ட நகர்ப்புறத் தளங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1173 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். கிராமப்புறத் தளத்தில் அது 35 மட்டுமே. நகரத்தின் நெருக்கடியே நோயைப் பெருக்குகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான எண் வேண்டாம். காலராவின் கதை சென்னைக்கே உரியது. 1992 அக்டோபரில் மதராஸில் காலரா பரவியது. கிருமியைச் சோதித்தபோது, அதுவரை காலராவை உண்டாக்கிவந்த வகை அல்ல என்று தெரிந்தது. ஓ139 என்று பெயர்பெற்ற அந்தப் புது வகை சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. பழைய காலராவால் உருவான எதிர்ப்பு இதற்கெதிராகச் செல்லுபடியாகவில்லை. பெரியவர்களும் பெருவாரியாக விழுந்தார்கள். காலரா நோயாளியின் கழிவு கஞ்சித்தண்ணீர்போலத் தோன்றுவது, கோப்பை செல்கள் கொட்டிய கோழையின் திவலைகளால்தான். காவல் செல் தன்னிடமிருந்ததையெல்லாம் கொட்டியும் தடுக்க முடியாமல் போனதன் அடையாளம் அது.

நலிந்த குடலுக்கு இன்னொரு விலையும் உண்டு. வாய்வழித் தடுப்பு மருந்து பலிக்காமல் போவது அது. மேலைநாட்டில் மூன்று தவணையில் கிடைத்த எதிர்ப்பு இங்கே கிடைப்பதில்லை என்பதை வேலூரின் டி. ஜேக்கப் ஜான் 1972இலேயே போலியோ சொட்டுமருந்தை வைத்துக் காட்டினார். அதன் விளைவாக, இந்தியக் குழந்தைகளுக்குத் தவணைமேல் தவணையாகச் சொட்டுமருந்து கொடுக்க வேண்டிவந்தது. ரோட்டா வைரஸுக்கு எதிராக இங்கேயே உருவான ரோட்டாவாக், வேலூர் உட்பட மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டு 2014இல் முடிவு வந்தது. ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கை அது பாதிக்குச் சற்று மேலாகவே தடுத்தது. வளர்ந்த நாடுகளில் இதே வகைத் தடுப்பு மருந்துகள் அதைவிட வெகுவாகப் பலிக்கின்றன. பாதி பலித்தாலும் பல உயிர்களைக் காக்கும் என்பதால் அதை அரசுத் திட்டத்தில் சேர்த்தது சரிதான். ஆனால் மீதிப் பாதி எங்கே போகிறது என்ற கேள்வி நிற்கிறது.

மறுப்புகள்

சுகாதாரத்தைச் சீர்செய்தால் குடல் சீராகும் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு, அதைச் செய்துபார்த்த சோதனைகளிலிருந்தே வருகிறது. ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. ஆனாலும் வயிற்றுப்போக்கு குறையவில்லை என்று 2014இல் முடிவு வந்தது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் கழிப்பறை, கைகழுவும் வசதி, தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் 2018, 2019இல் வெளிவந்தன. குழந்தைகளின் உயரத்தை அவற்றால் கூட்ட முடியவில்லை. வேலூரில் 750க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வில், பாதிப்பேருக்குப் போலியோ சொட்டுமருந்துக்கு முன் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். குடலில் கிருமிகளும் அழற்சியின் அறிகுறிகளும் குறைந்தன, ஆனால் சொட்டுமருந்தின் பலன் கூடவில்லை என்று 2016இல் தெரிந்தது. இவற்றைச் சாக்குச்சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஆனால் இவை எதைச் சோதித்தன என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கழிப்பறை கொடுத்தார்கள். தெருவும் குளமும் அடுத்த வீடும் அப்படியே இருந்தன. மூன்று நாள் மருந்து கிருமியைக் குறைத்தது. நான்காம் நாள் அதே தண்ணீர்தான் வந்தது. பல காவல்களும் ஓயாமல் தாக்கப்படும்போதுதான் குடல் நலிகிறது என்றால், ஓட்டைக் குடத்தில் ஓர் ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு நீர் நிற்கவில்லையே என்பதில் பொருளில்லை. ஊரையே மாற்றிப் பார்த்த சான்று பிரேசிலின் சால்வடாரில் இருக்கிறது. அந்த நகரில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடுகளை 26 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக்கினார்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். முன்பு மோசமாக இருந்த பகுதிகளில் இரு மடங்கு பலன் கிடைத்தது. நியூயார்க் போன இந்தியர்களின் குடல் சொன்னதும் இதைத்தான். அரைகுறைச் சுத்தம் அரைப்பலன் தருவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டினால்தான் பலன் தொடங்குகிறது.

சென்னை அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது? ஊரில் பாதாளச் சாக்கடை உண்டு. தென்பகுதிக்கு நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. ஆனாலும் மயிலாப்பூரை ஒட்டிப்போகும் பக்கிங்காம் கால்வாயும் அடையாற்றின் கடைசிக் கிலோமீட்டர்களும் கழிவுநீர் ஓடும் வழிகளாகவே இருக்கின்றன. குடிநீர்க் குழாயில் நாளெல்லாம் அழுத்தத்தோடு தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் வெறுமையாகிறது. பக்கத்துச் சாக்கடையிலிருந்து கசிவது அதன் விரிசல்வழி உள்ளே இழுபடுகிறது. அடுத்த முறை தண்ணீர் விடும்போது அடிபம்பை அடித்தாலும் சம்ப்பில் மோட்டார் போட்டாலும் முதலில் வருவது அதுதான். வசதியுள்ள வீட்டில் ஆர்.ஓ. கருவி இருக்கிறது, கேன் தண்ணீர் வருகிறது. அவர்களுக்கு இது பொருந்தாதே என்று கேட்கலாம். குடிக்கும் தண்ணீரை வடிகட்டிவிடலாம். பாத்திரம் கழுவும் தண்ணீர், பாண்டி பஜாரில் சாப்பிடும் சட்னி, பள்ளியில் குடிக்கும் தண்ணீர் இவற்றையெல்லாம் வீட்டுக்கருவி வடிகட்டாது. 1992இல் இங்கே பரவிய காலரா நாட்டின் எல்லையையே தாண்டிப் போனது, மந்தைவெளியிலிருந்து தி. நகருக்குப் போக அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு மறுப்பு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சுத்தம் கூடக்கூட குரோன் நோய் போன்ற குடல் அழற்சிகள் பெருகுகின்றன, இந்திய நகரங்களிலும் இன்று அதைப் பார்க்கிறோம். அழுக்கே குடலைப் பழக்குகிறது என்பது அந்த மறுப்பு. குரோன் நோயிலும் பானெத் செல்தான் நடுவில் நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது. மேலைநாட்டு நோயாளிகளில் முதலில் பிடிபட்ட மரபணு நாட்2. 2007இல் கண்டறியப்பட்ட இன்னொரு மரபணு மாற்றம் பானெத் செல்லின் துகள்களைக் குலைக்கிறது என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. ஆனால் மேலைநாட்டில் பரவலான நாட்2 மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் இல்லை என்று வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழு 2008இல் கண்டது. அப்படியானால் இங்கே நோய் பெருகுவதை மேலைநாட்டு மரபணுப் பட்டியலை வைத்து விளக்க முடியாது. மாறிவரும் வாழ்முறையைத்தான் பார்க்க வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு எலிகளின் பானெத் செல்களைக் குலைப்பதாக 2021இல் வந்த ஆய்வு காட்டியது. உடல்பருமன் உள்ள மனிதரிடமும் அதே குலைவு இருந்தது. ஆகவே சாக்கடைக்கும் சுத்தத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்வுசெய்யச் சொல்லும் கேள்வியே தவறு. கால்வாய்க் கரையில் கிருமியும், அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி எண்ணெய்ப் பலகாரமும் ஒரே செல்லை இரு பக்கமிருந்து தாக்குகின்றன. பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே நுழைகின்றன.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. பானெத் செல்லின் குலைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? டிஃபென்சின் குறைவு அழற்சியால் வரும் பின்விளைவே என்று குரோன் நோய் பற்றி 2008இல் ஒரு குழு வாதிட்டது. எலிச் சோதனைகள் இரு திசைக்கும் சான்று தருகின்றன. ஒரு மருந்து நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். நகராட்சிக்கு அப்படியல்ல. கிருமி செல்லைக் குலைத்தாலும், குலைந்த செல் கிருமியை உள்ளே விட்டாலும், இரண்டிலும் முதலில் வருவது வெளியிலிருக்கும் கிருமிதான். சுழலை எங்கே வெட்டினாலும் அது நிற்கும். மலிவாக வெட்டக்கூடிய இடம் குழாயும் சாக்கடையும்தான்.

அப்படியென்றால் மருந்துக்கடைத் தட்டில் இருப்பவற்றுக்கும் சமையலறையில் இருப்பவற்றுக்கும் இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அளவோடு. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆராய முற்பட்டது வரவேற்கத்தக்கது. உள்ளூர் உணவை உள்ளூர் அறிவியல் சோதிப்பதுதான் முறை. ஆனால் வேலூரிலும் டாக்காவிலும் குடல் நலிந்திருந்தவர்கள் புரோபயாடிக் வாங்காததால் நலியவில்லை. நியூயார்க்கில் தேறியவர்கள் அதை வாங்கியதால் தேறவில்லை. குழந்தையின் உயரக்குறைவை ஊட்டச்சத்துத் துறையும், சொட்டுமருந்தின் குறைபலனைத் தடுப்பூசித் துறையும், கழிவுநீரைக் குடிநீர் வாரியமும் தனித்தனிக் கணக்காக வைத்திருக்கின்றன. குடலின் குழிக்குள் அவை ஒரே கணக்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாட்டுச் சராசரியான 35.5 சதவீதத்தைவிட இது நல்ல நிலைதான். சத்துணவிலும் தடுப்பூசியிலும் இந்த மாநிலம் செய்திருக்கும் முதலீட்டை வைத்துப் பார்த்தால் போதாத நிலை. கொடுத்த முட்டையும் போட்ட சொட்டும் முழுதாகப் பலிக்க வேண்டுமானால், குழாயில் தடையற்ற அழுத்தமும் கால்வாயில் கலக்காத சாக்கடையும் வேண்டும். அந்தச் செலவைப் பொதுப்பணிச் செலவென்று மட்டும் எழுதாமல் மருத்துவச் செலவாகவும் எழுதினால்தான் அதன் உண்மையான வரவு கணக்கில் ஏறும்.